எந்தத் தோள்?

கவனமில்லாதவன் செய்யும் தவறை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம். கவனமானவன் செய்யும் தவறு அப்படியல்ல. அதை அவன் சரிபார்த்துவிட்டுத்தான் செய்கிறான். பிறகு யாராவது சுட்டிக்காட்டினால், மறுபடி சரிபார்த்துவிட்டு அதையே இன்னொரு முறை செய்கிறான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எழுபதுகளில், ஜப்பானில், மேலுக்குச் சட்டையில்லாமல் பனியில் நின்று தெரிந்துகொண்டேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு தொழிற்சாலையில் அப்போது எனக்கு வேலை. அங்கே வரவிருந்த இயந்திரத்தை ஓட்டப் பழகிக்கொண்டு வரும்படி இரண்டு பேரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஒருவன் நான். இன்னொருவன் முனிரத்தினம். கும்மிடிப்பூண்டியை அடுத்த கிராமத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம். அப்பாவை 'நைனா' என்றும் என்னைச் 'சாமி' என்றும் கூப்பிடுவான். அவன் சிரிக்காத நேரம் தூங்கும் நேரம்.

என் அப்பா ராகவாச்சார், திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். பிள்ளை கடல் தாண்டுவதில் அவருக்குச் சம்மதமில்லை. சம்பளத்தில் சம்மதம் இருந்தது. "சந்தியாவந்தனத்தை விடாதே, பூணூலைக் கழட்டாதே, கண்டதைத் தின்னாதே" என்று சொல்லி அனுப்பினார். மூன்றையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். (மூன்றாவதைக் கடைப்பிடிக்க முனிரத்தினமும் என்னோடு சேர்ந்து தினம் பருப்புப்பொடிச் சாதம் சாப்பிட வேண்டியிருந்தது. அதை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

போன சில மாதங்களில் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பொன்னேரியில் ஒரு வரன். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் பெயர் வைதேகி. கூடவே ஒரு சின்னப் படம். சிரிக்கக் கூடாது என்று யாரோ அதட்டியதால் உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண். அந்தப் படத்தை நான் சந்தியாவந்தனம் பண்ணும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பார்த்தேன். வேறு எந்தப் பெண்ணையும் கல்யாணம் செய்துகொள்ளும் உத்தேசம் அன்றோடு போயிற்று.

ஒரே ஒரு தடை. பெண்ணின் தகப்பனார் ஆசாரம் மிகுந்தவர். "கடல் தாண்டின பையன் எப்படி இருக்கானோ" என்று தயங்கினார். ஆகவே அப்பா எழுதியிருந்தார்: "கோட்டு, சூட்டுப் படம் வேண்டாம். நம்மாத்துப் பிள்ளையாக, திருமண் இட்டுக்கொண்டு, பூணூல் தெரிய ஒரு படம் எடுத்து இங்கே ஒன்றும் பொன்னேரிக்கு ஒன்றும் அனுப்பு. அதைப் பார்த்துத்தான் அவர் சரி என்பார்."

இங்கே பூணூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எப்போதும் அது இடது தோளில்தான் தொங்கும். வலது தோளுக்கு மாற்றுவது இறந்துபோன முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது. மாற்றுவது வலது தோளுக்கு என்றாலும் அதை 'இடம் போட்டுக்கொள்வது' என்பார்கள். தகப்பனார் உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் அநேகமாக வேலையே இல்லை.

படம் எடுக்க நான் செய்த ஏற்பாடுகள் ஒரு பாலம் கட்டப் போதுமானவை. வெளிச்சத்துக்காக வெளியில் எடுப்பது என்று முடிவு செய்தேன். வெளிநாடு என்பதற்கு அத்தாட்சியாகப் பின்னால் பனி. வேலையில் இருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சியாகத் தொழிற்சாலையின் ஜப்பானிய எழுத்துப் பலகை. நெற்றியிலும் உடம்பிலுமாகப் பன்னிரண்டு திருமண். தட்டுச்சுற்று வேஷ்டி. (பஞ்சகச்சம் கல்யாணமானவர்களுக்குத்தான், அதையெல்லாம் மறப்பேனா?) கையில் புதிதாக வாங்கிய கடிகாரம். அது ஆசாரத்தில் சேர்த்தி இல்லை, ஆனால் வைதேகி பார்ப்பாள் அல்லவா.

முனிரத்தினம் தன் பழைய காமிராவோடு எதிரே நின்றான்.

"சாமி, ஒடம்பு நீலமா ஆய்க்கினு இருக்குது. சீக்கிரம்!"

"பூணூல் முழுசாத் தெரியறதா?"

"பூணூல் தெரியுது, எலும்பு தெரியுது, உள்ள இருக்கிற பருப்புப்பொடி கூட தெரியுது. நகராத நில்லு!"

அவன் எடுப்பதற்குள் விடுதிக் காப்பாளர் ஒரு கம்பளியோடு ஓடி வந்துவிட்டார். ஏதோ தவறுக்காக எனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அவருக்கு விளக்கிச் சொல்ல எங்களிடம் ஜப்பானிய மொழி போதவில்லை. பத்து வார்த்தைகளில் திருமண்ணை விளக்க யாராலும் முடியாது.

விடுதியில் படம் கழுவ ஓர் இருட்டறை இருந்தது. முனிரத்தினம் நெகடிவைப் படம் பெரிதாக்கும் கருவியில் பொருத்தினான். நான் குனிந்து பார்த்தேன். ஒரு தூசி. என் முழங்கைக்குப் பக்கத்தில், எறும்பின் கால் அளவுக்கு.

"உடு சாமி, அது தெரியாது" என்றான்.

தெரியாத தூசி என்று என் அகராதியில் கிடையாது. நெகடிவை வெளியே எடுத்து, பட்டுத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நானே மறுபடி வைத்தேன். படங்கள் தூசியில்லாமல் வந்தன. அவற்றைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். என்னை எடுத்த எந்தப் படத்திலும் என் முகம் எனக்குக் கொஞ்சம் அந்நியமாகவே இருக்கும். இந்தப் படத்தில் மட்டும், தினம் சவரம் செய்துகொள்ளும்போது பார்க்கிற அதே முகம். "இதுதாண்டா நான்" என்றேன். ஒன்றைத் திருவள்ளூருக்கும் ஒன்றைப் பொன்னேரிக்கும் அனுப்பினேன்.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அப்பாவும் மாமனாரும் துளசிக்காரக் கன்னியம்மாவும் தனித்தனியாகச் சொன்னதை ஒப்பிட்டு எழுதுகிறேன். முரண்பட்ட இடங்களில் கன்னியம்மா சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் ஒருவர்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் பேசியவர்.

பெண்ணின் தகப்பனாரான பொன்னேரி மாமா உறையைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார். பூணூல் வலது தோளில் இருந்தது. அதற்கு ஒரே பொருள்தான்: பையனின் தகப்பனார் போய்விட்டார். பாவம், தூர தேசத்தில் தன்னந்தனியாகப் பனியில் நின்று கர்மம் பண்ணுகிறான். அதைச் சொல்ல வாயில்லாமல் படமாக எடுத்து அனுப்பியிருக்கிறான். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தம் ஆனாலும் ஆகாவிட்டாலும் துக்கம் கேட்காமல் இருப்பது மனுஷத்தனம் இல்லை என்று கிளம்பினார். புதுவாயலில் பஸ் மாறி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வந்து சேர்ந்தார். மறுநாள் அமாவாசை. ஊர் முழுக்கக் கூட்டம். அவரும் என் அப்பாவும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

தேரடியில் துளசி விற்றுக்கொண்டிருந்த கன்னியம்மாவிடம் வழி கேட்டார்.

"ஏம்மா, பாசுரம் சேவிக்கிற ராகவாச்சார் ஆத்துக்கு எப்படிப் போறது?"

"நேரா போய் சோத்தாங்கை பக்கம் திரும்பு சாமி. ஊட்ல எதுனா விசேஷமா?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "துக்கம் கேக்க வந்தேன்மா. அவர் காலமாயிட்டாரே."

"இன்னா சாமி சொல்றே! காத்தால கூட என்னாண்ட துளசி வாங்கிகினு போச்சே!"

"இல்லைம்மா. அவர் போய் நாளாச்சு. பிள்ளை சீமைலேர்ந்து தெரியப்படுத்தியிருக்கான்."

சீமையிலிருந்து வந்த செய்தி பொய்யாகாது. கன்னியம்மா கையிலிருந்த துளசியைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். "அப்போ... காத்தால என்னாண்ட வந்தது யாரு?"

மாமா அவர் காட்டிய வழியில் நடந்தார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, கன்னியம்மாவும் பின்னாலேயே போனார்.

கதவைத் திறந்தது அப்பா.

"வாங்கோ. ஸ்வாமி யாருன்னு..."

"அடியேன் பொன்னேரி." மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விஷயம் தெரிஞ்சதும் ஓடி வந்துட்டேன். எனக்குச் சொல்லி அனுப்பலையேன்னு குறையா நெனைக்கலை. அந்த நேரத்துல யாருக்கு என்ன தோணும்?"

"என்ன விஷயம்?"

"உங்க தமையனார்..."

"எனக்குத் தமையனாரே கிடையாதே!"

"அப்போ ராகவாச்சார் உங்களுக்கு?"

"அடியேன்தான் ராகவாச்சார்."

தெருவிலிருந்து ஓர் அலறல். "ஐயோ, அது பேசுது!" கூடை விழுந்து துளசி தெருவெல்லாம் சிதறியது. கன்னியம்மா தேரடி வரை ஓடித்தான் திரும்பிப் பார்த்தாராம்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மாமா படத்தை எடுத்து நீட்டினார். அப்பாவுக்கு அனுப்பிய உறை இன்னும் வந்து சேரவில்லை. அவர் அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துண்டிருக்கேன். எனக்கு எள்ளும் தண்ணியும் விட்டுண்டிருக்கானா?"

மாமா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யோசித்துச் சொன்னார். "ஸ்வாமி கோவிச்சுக்கப்படாது. ஒண்ணு, நீங்க இருக்கப்படாது. இல்லேன்னா, பையன் தினம் பூணூல் போட்டுக்கறவனா இருக்கப்படாது. ரெண்டுல ஒண்ணுதானே?"

"நான் இருக்கேனே."

"அதான் சங்கடமா இருக்கு."

அவர் சொன்னதன் பொருள் அப்பாவுக்குப் புரிந்தது. பையன் விமானம் ஏறியதுமே பூணூலைக் கழற்றி எறிந்திருக்கிறான். படத்துக்காக எதையோ நூலாக முறுக்கி மாட்டியிருக்கிறான். பழக்கம் விட்டுப்போனதால் தோள் மாறிவிட்டது. அம்மா மட்டும், "கடிகாரம்கூட வலது கைல கட்டிண்டிருக்கானே, அவன் அப்படிக் கட்ட மாட்டானே" என்றாளாம். "அந்த ஊர் வழக்கமா இருக்கும். வழக்கம் மாறினவனுக்குக் கை என்ன, தோள் என்ன" என்றார் அப்பா. பின்னால் இருந்த பெயர்ப்பலகை எங்கள் மூவரையும் காப்பாற்றியிருக்கும், யாருக்காவது ஜப்பானிய எழுத்து எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று தெரிந்திருந்தால்.

மாமா எழுந்தார். துக்கம் கேட்க வந்தவர் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. சம்பந்தம் பேச வந்தவர் சொல்லாமல் போகக் கூடாது. தாம் எந்த வகை என்று தெரியாமல் கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் தொழிற்சாலையில் எனக்கு ஒரு தந்தி வந்தது. ஆங்கிலத்தில், "எந்தத் தோள்? உடனே பதில்" என்று மட்டும் இருந்தது. அதைப் பிரித்துப் படித்த மேற்பார்வையாளர் பாதுகாப்பு விதிகளில் என்னைவிடக் கறாரானவர். எனக்கு வேலையில் அடிபட்டதை நான் மறைக்கிறேன் என்று முடிவு செய்து, மருத்துவ அறைக்கு அனுப்பினார். அங்கே இரண்டு தோளையும் அழுத்திப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் மருந்துப் பட்டை ஒட்டினார்கள்.

முனிரத்தினம் கவலைப்பட்டான். "சாமி, ஊர்ல ஏதோ பேஜாராயிருக்குது."

"ஒண்ணுமில்லை. பூணூல் எந்தத் தோள்னு அப்பா கேக்கறார். படத்துல சரியாத் தெரியலை போல" என்று சொல்லிவிட்டு, "இடது" என்று பதில் தந்தி கொடுத்தேன்.

அந்தத் தந்தி போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கையில் அவருக்கு அனுப்பிய படமும் வந்திருந்தது. அதிலும் வலது தோள். முதலில் பிள்ளை ஆசாரம் கெட்டவன் என்று மட்டும் நினைத்திருந்தார். இப்போது பொய்யனும் ஆனேன். "போட்டோவுக்கு வாயா இருக்கு, பொய் சொல்ல?" என்று ஒரு கடிதம் எழுதினார். பொன்னேரிக்காரர் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றும் அதில் இருந்தது.

அன்று நான் சாப்பிடவில்லை. (பருப்புப்பொடி மிஞ்சியதில் முனிரத்தினத்துக்கு மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.) ஆனால் கவனமானவன் கலங்குவதில்லை, சரிபார்ப்பான். சட்டையைக் கழற்றிவிட்டுச் சவரக் கண்ணாடி முன்னால் நின்றேன். என்னிடம் மீதி இருந்த படங்களில் ஒன்றைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகினேன். கண்ணாடியில் பூணூல் எந்தப் பக்கமோ, படத்திலும் அதே பக்கம். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை. முனிரத்தினத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கரெக்டா தான் கீது" என்றான் அவனும்.

உலகமே தவறு, நான் மட்டும் சரி என்று நிரூபணமாகிவிட்டது. இரண்டு படங்களில் சிவப்பு மையால் அந்தத் தோளுக்கு ஓர் அம்புக்குறி போட்டேன். அம்பின் மறுமுனையில் அச்செழுத்துப் போல, 'இடது தோள்' என்று எழுதினேன். அடியில் ஒரு கோடும் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று பொன்னேரிக்கு. அதாவது, வலது தோள் என்று ஊருக்கே தெரிகிற ஒரு தோளுக்கு, இடது தோள் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெளிநாட்டிலிருந்து விமானத் தபாலில் அனுப்பினேன்.

பொன்னேரியில் அந்தப் படத்தைப் பார்த்த மாமா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லையாம். "பாவம். வலது இடது தெரியாத பிள்ளை. இதை நம்பி ஒரு மெஷினை வேற குடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டு, அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அலமாரிக்கு எதிரில் வைதேகி தலை வாரிக்கொள்ளும் கண்ணாடி இருந்தது.

அடுத்த நாள் காலையில் பொட்டு வைத்துக்கொள்ளக் கண்ணாடியைப் பார்த்தவள், தன் தோளுக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்தாள். பூணூல் இடது தோளில் இருந்தது. கடிகாரம் இடது கையில் இருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் தலைகால் புரியாமல் இருந்தது. அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வந்து இந்தக் கண்ணாடில பாருங்கோ. உங்க பூணூல் எந்தப் பக்கம் தெரியறது?"

மாமா வந்து நின்றார். அவள் படத்தை எடுத்து அவர் பிம்பத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். இரண்டு பூணூலும் ஒரே பக்கம்.

"உங்களுக்கும் அப்படித்தானே தெரியறது? உங்களுக்கு யார் போனா?"

கணக்கு வாத்தியார் தம் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வைதேகியே விடையைச் சொன்னாள்.

"அவர் சரியாத்தான் போட்டுண்டிருக்கார். படம்தான் இடம் போட்டுண்டிருக்கு. நெகடிவைத் திருப்பி வெச்சுட்டா இப்படித்தான் வரும்."

"சரிம்மா, அம்பு போட்டு எழுதியிருக்கானே? அதையுமா யாரோ திருப்பி வெச்சா?"

"அதுதான் எனக்கும் புரியலை" என்றாள் வைதேகி. "கல்யாணத்துக்கு அப்பறம் கேட்டுக்கறேன்."

மாமா கேட்டதற்கும், கேட்கத் தயங்கிய சம்மதத்துக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் கிடைத்துவிட்டது. அன்றே திருவள்ளூருக்குக் கிளம்பினார். இந்த முறை தாம்பூலத் தட்டோடு. தேரடியில் அவரைப் பார்த்ததும் கன்னியம்மா, "இப்ப யாரு சாமி?" என்று எழுந்து நின்றுவிட்டாராம்.

அப்பா எனக்கு எழுதிய கடிதத்தில் கோபம் இல்லை. "பெண் கெட்டிக்காரி. இனி நீ எதையும் சரிபார்க்க வேண்டாம்" என்று மட்டும் இருந்தது. அதை முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"சாமி, அன்னிக்கு நெகடிவை எடுத்துத் தொடச்சி, திரும்ப வெச்சது யாரு?"

நான் பேச்சை மாற்றினேன். அவன் அன்று முழுக்கச் சிரித்தான். தூக்கத்திலும் சிரித்தான். அதுவரை நான் பார்க்காதது அது.

திரும்பி வந்ததும் கல்யாணம். மேடையில் என்னை முதன்முறையாக நேரில் பார்த்த மாமா, முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். வைதேகி தான் கேட்க வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். சவரக் கண்ணாடி, மயிரிழை எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உலகத்துல எல்லாரும் உங்களை ஒரு பக்கமாப் பார்க்கறா, நீங்க மட்டும் இன்னொரு பக்கமாப் பார்த்துண்டிருக்கேள். இனிமே எங்கிட்டக் கேளுங்கோ" என்றாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு அம்பு போட்ட படம் இப்போது மணவாள நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, நிலைக்கண்ணாடிக்கு நேர் எதிரே. நேராகப் பார்த்தால் எழுத்து சரியாக இருக்கும், ஆள் தவறு. கண்ணாடியில் பார்த்தால் ஆள் சரி, எழுத்து தவறு. வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டையும் காட்டுவது என் பெண்ணின் பொழுதுபோக்கு. செத்ததாகப் புரளி கிளம்பினால் ஆயுசு கெட்டி என்பார்கள். அதன்படி அப்பா நெடுநாள் இருந்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், "எல்லாம் உன் போட்டோ புண்ணியம்" என்பார். கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "என் காரியத்தும்போது வைதேகியைப் பக்கத்துல நிறுத்திக்கோ. தோளை அவ சொல்லட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் போன அன்று அவள் சொன்னாள். நான் கேட்டேன்.

இப்போது அமாவாசைதோறும் அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண உட்காருகிறேன். தர்ப்பையை எடுத்துக்கொண்டு, எள்ளை எடுத்துக்கொண்டு, பூணூலை மாற்றிப் போட்டுக்கொண்டதும் தளிகை உள்ளிலிருந்து குரல் வரும்.

"எந்தத் தோள்?"

"வலது" என்பேன்.

சரியாகத்தான் சொல்கிறேன். இருந்தாலும் கரண்டியும் கையுமாக ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.